கொன்றவனுக்குத் தூக்கு வேண்டுமா? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன்

வாசகர் ஒருவர் கேட்டது, 2 நவம்பர் 2025: "நம் நாட்டில் தூக்கை எடுத்துவிட்டார்கள். இனி கொலை செய்தவன் சிறையில் மூன்று வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவான். தூக்கு வேண்டாம் என்று பேசுகிறவர்களில் ஒருவர் வீட்டிலாவது பிணம் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் வந்து சொல்லுங்கள், கேட்கிறோம்."

2 நவம்பர், இரவு 10.40

விழுந்திருக்கிறது. 2002 ஜூன் மாதம், என் அண்ணன், வயது 27. கல்யாண வீட்டில் ஆரம்பித்த வாய்ச்சண்டை, மறுநாள் சாயங்காலம் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் மண் சாலையில் பாராங் கத்தியில் முடிந்தது. வெட்டியவன் ஊர் பேர் தெரியாதவன் இல்லை, அண்ணனோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவன். தூக்கு வேண்டாம் என்பதுதான் என் பக்கம். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

3 நவம்பர், காலை 7.15

கடை திறக்கும் முன் ஒன்றை மட்டும் சரி செய்துவிடுகிறேன். தூக்கை எடுக்கவில்லை. எடுத்தது "கட்டாய" என்ற சொல்லை. 2023 ஏப்ரல் 3-ம் தேதி மக்களவையில் மசோதா நிறைவேறி, ஜூலை 4-ல் அமலுக்கு வந்தது. கொலைக்கான சட்டப் பிரிவு 302, போதைப்பொருள் கடத்தலுக்கான பிரிவு 39பி, இரண்டிலும் தூக்கு இன்றைக்கும் இருக்கிறது. முன்பு கொலை நிரூபணமானால் நீதிபதிக்கு வேறு வழி கிடையாது, போதைப்பொருளிலும் 2018-ல் கொஞ்சம் இடம் கொடுக்கும் வரை அப்படித்தான். இப்போது அவர் தூக்கும் கொடுக்கலாம், சிறையும் கொடுக்கலாம்: கொலைக்கு 30 முதல் 40 ஆண்டு வரை, போதைப்பொருளுக்கு ஆயுள் சிறை. சிறை என்றால் கூடவே குறைந்தது 12 பிரம்படி, பெண்களுக்கும் 50 வயது தாண்டிய ஆண்களுக்கும் அது கிடையாது. 2018-லிருந்து யாரையும் தூக்கில் போடாமல் நிறுத்தி வைத்திருப்பது தனி விஷயம்.

3 நவம்பர், இரவு

சரி, அண்ணன் வழக்கு.

2005-ல் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு. நான், அம்மா, அப்பா மூவரும் இரண்டாவது வரிசையில் இருந்தோம். நீதிபதி மலாயில் வாசித்துக்கொண்டே போனார், அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. "டிகாந்தோங் சம்பாய் மாத்தி", சாகும் வரை தூக்கு என்ற இடம் மட்டும் புரிந்தது. என் கையை இறுக்கிப் பிடித்து "போதும்" என்றார். எனக்கும் அன்றைக்கு அந்தத் தீர்ப்பு வேண்டியிருந்தது, அதை மறைக்க மாட்டேன். எங்களுக்கு நேர் பின்னால் அவனுடைய அம்மா நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார், என் அப்பாதான் போய்த் தூக்கினார். என் அப்பாவும் அந்த அம்மாவும் ஒரே தோட்டத்தில் பத்து வருஷம் அடுத்தடுத்த நெறையில் (மர வரிசையில்) ரப்பர் பால் வெட்டியவர்கள்.

வழக்கு முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்தோம். முடியவில்லை. மேல்முறையீடு, அப்புறம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், 2010-ல் அங்கேயும் தள்ளுபடி, அப்புறம் கருணை மனு. ஒவ்வொரு தடவையும் யாராவது வந்து சொல்வார்கள், ஒவ்வொரு தடவையும் அம்மா இரண்டு நாள் சோறு தொடமாட்டார். அப்பா 2013-ல் போய்விட்டார். தூக்கு கொடுத்தால் குடும்பத்துக்கு நிம்மதி என்று சொல்கிறவர்கள் இந்த வருஷங்களையும் எண்ண வேண்டும். உயிர் போகிற தண்டனை என்பதால் எல்லாப் படியும் ஏறித்தான் ஆக வேண்டும், ஏறவும் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் எங்கள் அண்ணனைத் திரும்பத் திரும்ப எடுத்து வெளியே வைத்தார்கள்.

4 நவம்பர்

"கொலை செய்ய நினைப்பவனுக்குத் தூக்கு என்ற பயம் வேண்டாமா?" என்று கேட்ட தம்பிக்கு. அண்ணனை வெட்டியவன் அன்றைக்குக் குடித்திருந்தான், அவமானப்பட்டிருந்தான், கையில் கத்தி இருந்தது. அந்த நேரத்தில் 302 என்ற எண் அவன் தலைக்குள் எங்கே இருந்திருக்கும்? அப்போது கட்டாயத் தூக்கு முழு பலத்தோடு இருந்த காலம்.

"வரிப்பணத்தில் சோறு" என்று எழுதியவருக்கு என்னிடம் பதில் இல்லை. என் அண்ணனை நான் அந்தக் கணக்கில் வைக்கவில்லை.

5 நவம்பர், மதியம்

கொலையைப் பற்றியே பேசுகிறோம். பிப்ரவரி 2019 கணக்குப்படி நம் நாட்டில் தூக்குக்குக் காத்திருந்தவர்கள் 1,281 பேர், அதில் நூற்றுக்கு 73 பேர் போதைப்பொருள் வழக்கு. ஆகவே தூக்கைப் பற்றிப் பேசினால் 39பி-யைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

ஹெராயின் 15 கிராம், சியாபு (மெத்தம்பெட்டமின்) 50 கிராம், கஞ்சா 200 கிராம். இந்த எடை தாண்டினால் கடத்தல் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது பிடிபட்டவர் பாடு. பை உன் கையில் இருந்தால் உள்ளே இருப்பது உனக்குத் தெரியும் என்றும் எடுத்துக்கொள்ளும். இந்த இரண்டு ஊகத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க அனுமதித்த பிரிவு 2019 ஏப்ரலில்தான் கூட்டரசு நீதிமன்றத்தில் செல்லாமல் போனது.

நான் மளிகைக் கடைக்காரி. நேற்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் தராசில் 15 கிராம் சீரகம் நிறுத்துப் பார்த்தேன். உள்ளங்கையில் கொட்டினேன், விரலை மூடினால் வெளியே தெரியவில்லை. நாங்கள் 50 கிராம் பொட்டலம்தான் போடுவோம், 15 கிராம் யாரும் கேட்பதுகூட இல்லை.

இந்த அளவுக்குக் கட்டாயத் தூக்கு 1983-ல் வந்தது. எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் அதில் போனான். பக்கத்து லயன் வீடு, எனக்கு அண்ணன் மாதிரி. 1987-ல் மோட்டார் கூடையில் பையோடு பிடித்தார்கள், கஞ்சா, ஒரு கிலோ கூட இல்லை. கொண்டுபோய்க் கொடுத்தால் 300 வெள்ளி (ரிங்கிட்) என்று சொல்லியிருந்தார்களாம். அந்தப் பையைக் கொடுத்தது யார் என்று பிரட்டுக்களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்தில்) நின்றவர்கள் எல்லாருக்கும் தெரியும், நீதிமன்றத்தில் மட்டும் அந்தப் பேர் வரவே இல்லை. 1993-ல் அவனைத் தூக்கில் போட்டார்கள். கடிதம் வந்தபோது படித்துச் சொன்னது நான்தான், அப்போது எனக்கு 15 வயது.

6 நவம்பர், இரவு 11

இதைப் படித்துவிட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் குறள் 550-ஐ எடுத்து வைத்திருக்கிறார். "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்." வள்ளுவரே சொன்ன பிறகு என்ன பேச்சு என்கிறார்.

ஐயா, வணக்கத்தோடு சொல்கிறேன். பரிமேலழகர் "கொலையின் ஒறுத்தல்" என்று கூட்டி, கொடியவர்களைக் கொன்று தண்டிப்பது என்று உரை எழுதினார். "கொலையிற் கொடியார்" என்று சேர்த்தே படித்தால், கொலையில் கொடியவரை அரசன் தண்டிப்பது என்று மட்டும் வரும், எப்படித் தண்டிப்பது என்பது வராது. இரண்டுக்கும் இடம் இருக்கிறது. பயிரைக் காக்கக் களை பிடுங்குவது என்ற உவமை பரிமேலழகர் பக்கம்தான் சாய்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன், களையை யாரும் 30 வருஷம் அடைத்து வைப்பதில்லை.

ஆனால் இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா 22 வருஷம் தோட்டத்தில் புல் வெட்டி, மருந்து பம்பு சுமந்தவர். அவர் கேட்டது, "களைன்னு யாரு சொல்றது?" அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கித்தாக் (ரப்பர்) கன்றுக்கு நடுவே மண் காப்பதற்காக விதைத்திருந்த கொடியைக் களை என்று நினைத்து அரை நாள் பிடுங்கிப் போட்டாராம். மண்டோர் (மேஸ்திரி) வந்து பார்த்துச் சத்தம் போட்டிருக்கிறார். மறுபடி நட்டுப் பார்த்தார்களாம், பிழைக்கவில்லை.

7 நவம்பர்

களை என்று யார் சொல்வது என்றதும் எனக்கு கணபதி ஞாபகம் வந்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு 1948 ஜூன் 16-ல் இங்கே மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்கள் சுடப்பட்டதும், அதோடு அவசரகாலம் வந்ததும் பாடத்தில் இருக்கிறது. எஸ்.ஏ. கணபதியைத் தெரிந்தவர்கள் குறைவு. அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவர். துப்பாக்கி வைத்திருந்தார் என்பதுதான் குற்றம். கண்டெடுத்ததைப் போலீஸில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தேன் என்று அவர் சொன்னது எடுபடவில்லை. இந்திய அரசு கேட்டுக்கொண்டும் கேட்கவில்லை. 1949 மே 4-ம் தேதி புடு சிறையில் தூக்கு. மார்ச்சில் பிடித்தார்கள், மே மாதம் ஆள் இல்லை.

அதே காலம், அதே மாதிரி துப்பாக்கி வழக்கு, ஜொகூரில் சாம்பசிவம். ஒரு குற்றச்சாட்டில் விடுதலை, இன்னொன்றில் மறுவிசாரணை செய்து தூக்கு என்று தீர்ப்பு. அவர் வழக்கு அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. ஏற்கெனவே விடுதலை ஆன விஷயத்தை வைத்தே மறுபடி குற்றவாளி ஆக்கியிருக்கிறார்கள் என்று 1950-ல் தண்டனையை ரத்து செய்தார்கள். இன்றைக்கும் சட்டம் படிக்கிறவர்கள் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். சாம்பசிவம் உயிரோடு இருந்ததால் அந்தத் தப்பைத் திருத்த முடிந்தது.

"அது வெள்ளைக்காரன் காலம்" என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். நாகேந்திரன் தர்மலிங்கம் நம் பேராக் மாநிலத்துக்காரர். 2009-ல் சிங்கப்பூர் எல்லையில் 42.72 கிராம் ஹெராயினோடு பிடிபட்டார், அறிவுத்திறன் அளவு (ஐ.க்யூ.) 69 என்று மருத்துவர் சொன்னது நீதிமன்றத்தில் பதிவானது. 2022 ஏப்ரல் 27-ல் தூக்கு. போன மாதம் 8-ம் தேதி அதே சிங்கப்பூரில், அதே மாதிரி வழக்கில் பன்னீர் செல்வத்துக்குத் தூக்கு, அவரும் பேராக், ஈப்போக்காரர். அங்கே 2012-ல் திருத்திய சட்டப்படி, வெறுமே தூக்கிச் சென்றவர் என்று நிரூபித்து, அரசுத் தரப்பும் சான்றிதழ் கொடுத்தால் நீதிபதி தூக்கைத் தவிர்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் பெரிய ஆளைப் பிடிக்கத் தகவல் கொடுத்து உதவியிருக்க வேண்டும். 300 வெள்ளிக்குப் பை தூக்கியவனுக்குப் பெரிய ஆளைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

8 நவம்பர், அதிகாலை

தூக்கம் வரவில்லை. 5-ம் தேதி எழுதியதில் ஒன்றை முழுதாகச் சொல்லவில்லை.

அந்தக் கடிதத்தை நான் சரியாகப் படித்துச் சொல்லவில்லை. பழுப்பு உறை, மேலே "உருசான் ஸ்ரீ பாதுகா பகிந்தா" என்று அச்சடித்தது. அவனுடைய அப்பா, நான் மாமா என்று கூப்பிடுகிறவர், ரப்பர் பாலை எடை போட்டுவிட்டு வந்த கையோடு, பால் நாற்றம் போகாத சட்டையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று நீட்டினார். அவருக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. முதல் பத்தியில் "பெர்ஜும்பாஆன் தெராக்கிர்" என்று இருந்தது, கடைசிச் சந்திப்பு. இரண்டாவது பத்தியில் உடலைப் பெற்றுக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தது. எனக்கு இரண்டும் புரிந்தது. "வியாழக்கிழமை கடைசியா ஒரு தடவ பாக்க வரச் சொல்றாங்க மாமா" என்றேன். "ஏன் கடைசி, வேற ஜெயிலுக்கு மாத்துறாங்களா?" என்றார். நான் "ஆமா போல இருக்கு" என்றேன்.

அன்றைக்கு ராத்திரி மாமி முறுக்கு சுட்டார். வேற இடத்துக்குப் போகிற பிள்ளைக்கு. எங்கள் வீடு வரை எண்ணெய் வாசம் வந்தது. நான் ஒன்பது மணி வரைக்கும் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அப்புறம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா எதுவும் பேசாமல் எழுந்து போனார். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்க கொஞ்ச நேரம் ஆனது.

மறுநாள் முதல் பஸ்ஸில் காஜாங் சிறைக்குப் போனார்கள். முறுக்கை மைலோ டின்னில் போட்டு எடுத்துப் போயிருந்தார்கள், உள்ளே விடவில்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முடித்துவிட்டார்கள். உடலோடு அந்த டின்னும் திரும்பி வந்தது. மாமி அதைத் திறக்கவே இல்லை, பல வருஷம் சாமி மேடைக்குக் கீழே இருந்தது.

ஆகவே எங்கள் அண்ணனைக் கொன்றவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பு சொன்னபோது எனக்கு அது என்ன என்று தெரியும். தெரிந்தும் அன்றைக்கு வேண்டும் என்றுதான் இருந்தது. அப்புறம் நாள் போகப் போகத்தான், அவனுடைய அம்மாவுக்கும் அப்படி ஒரு பழுப்பு உறை வரும், அதையும் யாராவது ஒரு பிள்ளை படித்துச் சொல்லும் என்று ஓட ஆரம்பித்தது. மாற்றம் அங்கிருந்து வந்தது, எந்தப் புத்தகத்திலும் படித்து வரவில்லை.

8 நவம்பர், மாலை

ஒரு தாய் எழுதியிருக்கிறார், சியாபுவால் மகனை இழந்தவர். விற்றவனை விடச் சொல்கிறாயா என்று கேட்கிறார்.

அக்கா, உங்களிடம் வாதாட மாட்டேன். என் கடைக்கு எதிரே மோட்டார் பட்டறைச் சுவரோரம் ராத்திரி என்ன நடக்கிறது என்று தினமும் பார்க்கிறேன். 20 வயதுப் பையன்கள், பல் எல்லாம் கொட்டி. விற்கிறவர்களை விடச் சொல்லவே இல்லை, 30 வருஷம் உள்ளே வைப்பது விடுவது ஆகாது. நான் பார்த்தது ஒன்றுதான்: 1983-லிருந்து 35 வருஷம் நீதிபதிக்கு வேறு வழி இல்லாமல் வைத்திருந்தோம், அந்த 35 வருஷத்திலும் எங்கள் ஊரில் சரக்கு ஒரு வாரம்கூட நிற்கவில்லை. கஞ்சா இருந்த இடத்தில் ஹெராயின் வந்தது, அப்புறம் சியாபு வந்தது. தூக்கிச் சென்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

10 நவம்பர்

இப்போது இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மேலே எழுதியதை வைத்து நான் மன்னித்துவிட்டேன் என்று இரண்டு பேர் பாராட்டியிருக்கிறார்கள். மன்னிக்கவில்லை. யாரும் என்னை மன்னிக்கச் சொல்லவும் வேண்டாம். தூக்கு வேண்டாம் என்பதற்கு மன்னிப்பு தேவையில்லை.

2023-ல் சட்டம் மாறியபோது ஏற்கெனவே தூக்கு உறுதியானவர்கள் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று வந்தது. அண்ணனைக் கொன்றவனும் போட்டான். 2024-ல் அரசுத் தரப்பிலிருந்து அழைத்தார்கள், குடும்பத்தின் பாதிப்பை எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். அம்மா சொல்ல நான் எழுதினேன். அவர் அழுகையைப் பற்றி ஒரு வரியும் சொல்லவில்லை. மோட்டாரைப் பற்றித்தான் சொன்னார்.

அண்ணன் ஹோண்டா இஎக்ஸ்5 ஒன்றைத் தவணையில் எடுத்திருந்தான், மாதம் 148 வெள்ளி, 36 மாதம். 11 மாதம் கட்டியிருந்தான். அப்பா ஜாமீன் கையெழுத்து. அண்ணன் செத்த அன்று ஓட்டிப்போன அந்த மோட்டார் வழக்குப் பொருளாகக் காவல் நிலையத்தில் நின்றது, மிச்சம் 25 மாதத் தவணையை அப்பாவும் அம்மாவும் கட்டினார்கள். அம்மா அதற்காகப் பகலில் தோட்ட வேலை, சாயங்காலம் கோப்பிக் கடையில் பாத்திரம் என்று போனார். வழக்கு முடிந்து மோட்டாரை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது சக்கரம் இரண்டும் மண்ணுக்குள் இறங்கியிருந்தது, சீட்டில் புல் முளைத்திருந்தது. "கடைசித் தவணை வரைக்கும் கட்டினேன், ஒரு மாசம் தவறல, அதை எழுது" என்றார். எழுதினேன்.

நீதிமன்றம் 35 ஆண்டாக மாற்றியது, பிடித்த நாளிலிருந்து கணக்கு, 12 பிரம்படி. வீட்டுக்கு வந்து அம்மா கேட்டது, "இனிமே கூப்பிட மாட்டாங்கல்ல?" அவருக்கு அன்றைக்குத்தான் வழக்கு முடிந்தது. அதுவும் 22 வருஷம் கழித்து.

10 நவம்பர், சற்று நேரம் கழித்து

விட்டுப்போன கணக்கு. நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும். 35-ல் கழித்தால் 23 வருஷமும் 4 மாதமும். 2002 ஜூனிலிருந்து எண்ணிப் பாருங்கள், போன மாதம் வருகிறது.

அவன் வெளியே வந்துவிட்டான். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு கடிதம் இல்லை, ஒரு அழைப்பு இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் முட்டை வாங்க வந்த ஒருவர் "அவனைப் பார்த்தேன், தாடி எல்லாம் நரைச்சிருக்கு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். பாதிப்பை எழுதிக் கொடுக்க மட்டும் எங்கள் தொலைபேசி எண் அவர்களிடம் இருந்தது. என் கோபம் எல்லாம் இங்கேதான். 23 வருஷமாகக் கயிறு வேண்டும், வேண்டாம் என்று இரண்டு பக்கமும் கத்தினார்கள், ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பா தவணையை எப்படிக் கட்டினார் என்று யாரும் கேட்கவில்லை, அவன் வருகிற தேதியை அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. தூக்கு வேண்டாம் என்று ஊர்வலம் போகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன், நான் உங்கள் பக்கம்தான், இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

11 நவம்பர்

"இப்போதாவது தூக்கில் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறதா?" முதல் நாள் கேள்வி கேட்ட அதே வாசகர். மரியாதையாகவே கேட்டிருக்கிறார், நன்றி.

முட்டை வாங்க வந்தவர் சொன்ன அன்று ராத்திரி தோன்றியது. மறுநாள் காலையில் தோன்றவில்லை. பச்சைக் குழந்தையைச் சிதைத்துக் கொன்ற செய்தி வரும்போதெல்லாம் தோன்றுகிறது, ஒரு நாள், இரண்டு நாள் நிற்கிறது. அந்த இரண்டு நாளில் என்னை நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது.

12 நவம்பர்

கடைசியாக வந்த கேள்வி: அவன் உங்கள் கடைக்கு வந்தால் சாமான் கொடுப்பீர்களா?

அவன் அக்கா முந்தாநாள் வந்தார். அரிசி 5 கிலோ, ஒரு தேங்காய், சவரக்கத்தி இரண்டு. காசு கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். நான்தான் பேசினேன். அம்மா காலை எட்டிலிருந்து பத்து வரை கடையில் உட்காருவார், அந்த நேரத்தில் மட்டும் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள் என்றேன். "சரிம்மா, சொல்லிடுறேன்" என்றார். மீதி 2 வெள்ளியை மறந்து விட்டுவிட்டுப் போனார், கூப்பிட்டுக் கொடுத்தேன்.